அப்பாவின் 9.9 இன்ஜின்: மறுபடி போர் அடிப்பதா, மாற்றுவதா?

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் நீளமானது என்பதால் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 58 வயது. ஃபைபர் வள்ளமும் 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் இன்ஜினும் வைத்திருக்கிறார். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஒரே கார்பரேட்டர். வாங்கிப் பதின்மூன்று வருடம் ஆகிறது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு தடவை போர் அடித்திருக்கிறார்கள், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து கொஞ்சம் அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். போன மாதம் தொழிலுக்குப் போன இடத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கிளப்பும் கயிறே இழுபடவில்லை. பக்கத்து வள்ளம் கட்டி இழுத்து வந்திருக்கிறது. மெக்கானிக் ஆயில் விட்டு இளக்கி, சிலிண்டருக்குள் கட்டும் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) பார்த்தபோது மேல் சிலிண்டரில் 95, கீழ் சிலிண்டரில் 62. திறந்து பார்த்தால் கீழ் பிஸ்டனில் நெடுக்காகக் கோடு கோடாகச் சிராய்ப்பு. மேல் பிஸ்டன் பரவாயில்லை. "ஃபுல் வேலை 46,000 ரூபாய்" என்கிறார். வேண்டாம் என்று இன்ஜினை எடுத்துப் போனால் 6,000 ரூபாய் வைக்கச் சொல்கிறார்.

வீட்டில் ஆளுக்கு ஒரு கருத்து. "போர் அடித்துப் புது பிஸ்டன் போட்டால் புது இன்ஜின்தான்" என்கிறார் அப்பா. "இனிமேல் ஆயிலைக் கூட ஊற்றுவோம்" என்கிறார் தம்பி. "தூக்கிப் போட்டுவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்கள்" என்கிறார் மாமா. இதற்கிடையே ஒருவர் பழைய 15 குதிரைத்திறன் இன்ஜினை 70,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பில் இல்லை. புது 9.9க்குக் கடையில் 1,70,000 கேட்கிறார்கள். வாசகி வெளியூரில் வேலை பார்க்கிறார். பணம் அவர் கையிலிருந்துதான் போக வேண்டும். இத்தனையும் எழுதி முடித்து, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: "போன ஐப்பசியில் கரையேறும்போது அலையில் வள்ளம் புரண்டு இன்ஜின் கடல் தண்ணீரில் முங்கியது. இரண்டு நாள் கழித்துக் கழுவி ஓட்டினோம். அதற்கப்புறம் நன்றாகவே ஓடியது."

அம்மா, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். அதை முதலில் எழுதியிருந்தால் மீதியை நான் வேறு கண்ணோடு படித்திருப்பேன்.

ஏன் பிடித்தது என்று தெரியாமல் ஒரு ரூபாயும் வேண்டாம்

46,000 என்ற தொகை சரியா தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தொகை பெரிய கொள்ளை இல்லை. ஆனால் அந்தத் தொகைக்குள் "ஏன் பிடித்தது" என்பதற்குப் பதில் இருக்கிறதா என்று கேட்டீர்களா? பிஸ்டன் சிராய்த்தது நோய் இல்லை, நோயின் அடையாளம். காரணத்தை விட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் மாற்றினால், அடுத்த வருடம் இதே கீழ் சிலிண்டர் இதே மாதிரி பிடிக்கும்.

இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் அடிபட்டிருப்பது நல்ல தடயம். உங்கள் இன்ஜினில் இரண்டுக்கும் ஒரே கார்பரேட்டர், ஒரே டேங்க், ஒரே ஆயில் கலவை. ஆயில் குறைந்துதான் பிடித்தது என்றால் மேல் பிஸ்டனிலும் கோடு விழுந்திருக்கும். தண்ணீர் சுற்றாமல் சூடேறியிருந்தாலும் இரண்டிலும் ஏதாவது தெரிந்திருக்கும். கீழே மட்டும் என்றால் என் சந்தேகம் முதலில் கிராங்கின் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கீழ்ப்பக்க ஆயில் சீல் மேல் போகும். அந்த சீல் தேய்ந்தால், கீழ் சிலிண்டர் தனக்கு வேண்டிய கலவையோடு வெளிக்காற்றையும் புகையையும், சில நேரம் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும். எரிபொருளோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால், காற்று கூடினால் ஆயில் பங்கும் குறையும். சூடு ஏறும், பிஸ்டன் உப்பும், பிடித்துக்கொள்ளும். கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வின் இதழ் உடைந்திருந்தாலும் ஒரு சிலிண்டர் மட்டும் கெடலாம். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கோடுகள் தெரிகின்றன. ஆனால் பிஸ்டனின் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. பிஸ்டன் தலையில் எந்தப் பக்கம் எங்கே பார்க்க வேண்டும் என்று குறி இருக்கும். அதை வைத்துப் புகைபோகும் பக்கமா, எரிபொருள் நுழையும் பக்கமா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். புகைபோகும் பக்கம் மட்டும் என்றால் அதிகச் சூடு. நுழையும் பக்கம் என்றால் ஆயில் பற்றவில்லை என்று பொருள். நாலு மூலையிலும் கோடு என்றால், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியவுடன் முழு வேகத்தில் முறுக்கியிருக்கிறார்கள். நல்ல மெக்கானிக் இதை நீங்கள் கேட்காமலேயே சொல்வார்.

முங்கிய இன்ஜின் செய்த வேலை

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். உப்புத் தண்ணீரில் முங்கிய இன்ஜினுக்குக் கெடுதல் பெரும்பாலும் கரைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. தண்ணீருக்குள் கிடக்கும்போது துரு மெதுவாகவே பிடிக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் வேகம் பிடிக்கும். எடுத்த அன்றே, சில மணி நேரத்துக்குள், நல்ல தண்ணீரில் கழுவி, ப்ளக்கைக் கழற்றிச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் விட்டு ஓட்டிவிட வேண்டும். மெக்கானிக் கிடைக்கவில்லையா, அவர் வரும்வரை நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்கியே வைத்திருப்பது மேல். உங்கள் வீட்டில் இரண்டு நாள் மணலில் கிடந்திருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. அடைமழையில் வள்ளத்தையும் வலையையும் மீட்கவே ஆள் போதாது.

அந்த இரண்டு நாளில் துரு எங்கே பிடித்திருக்கும்? வெளியே தெரியும் இடத்தில் இல்லை. கிராங்கில் இருக்கும் பேரிங்குகளிலும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்க்கண்ணில் உள்ள ஊசி பேரிங்கிலும். இன்ஜின் செங்குத்தாக நிற்பதால் தண்ணீர் தேங்குவதும் கீழ்ப்பக்கம்தான். ஊசி பேரிங்கில் கடுகு அளவு துருக்குழி விழுந்தாலும் போதும், அது உடனே கொல்லாது. ஏழெட்டு மாதம் ஓடவிட்டுத்தான் வேலையைக் காட்டும். சீலின் உதடு உட்காரும் இடத்தில் துரு பிடித்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது சீலை அரம் மாதிரி தேய்த்திருக்கும். "அதற்கப்புறம் நன்றாகவே ஓடியது" என்று நீங்கள் எழுதியதும், கீழ் சிலிண்டர் மட்டும் போனதும் எனக்கு ஒரே கதையாகத்தான் படுகிறது. இன்ஜினைக் கண்ணால் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் கிராங்க் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எனவே மெக்கானிக்கிடம் "ஃபுல் வேலை" சொல்லாதீர்கள். கிராங்க் இருக்கும் கூட்டை (கிராங்க் கேஸ்) மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்த பிறகு தம்பியை நேரில் போய் நிற்கச் சொல்லுங்கள். கிராங்கைக் கையில் எடுத்து, கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்தால் ஆட்டமே இருக்கக்கூடாது. பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் ஆடலாம். மேல் ராடையும் கீழ் ராடையும் மாற்றி மாற்றி ஆட்டிப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரியும். பேரிங்கை மெதுவாகச் சுற்றும்போது மணல் நெருடுவதுபோல் இருந்தால் அது போய்விட்டது. ராடின் கீழ்க்கண் நீலம் பாரித்திருந்தால் சூடு தின்றிருக்கிறது. இதெல்லாம் பார்க்க அரை நாள் வேலை. உங்கள் முடிவு அந்த அரை நாளில்தான் இருக்கிறது.

வீட்டில் சொல்லும் நாலு பேச்சு

அப்பா சொல்வதில் பாதி உண்மை. போர் அடித்தால் சிலிண்டர் புதிதாகும். கிராங்க், கியர் பாக்ஸ், தண்ணீர் ஓடும் வழி எல்லாம் பதின்மூன்று வயதோடு அப்படியே இருக்கும். அதோடு, போன தடவை எந்த அளவுக்கு அடித்தார்கள் என்று தெரிய வேண்டும். இந்த வகை இன்ஜின்களுக்கு வழக்கமாக 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று இரண்டு ஓவர்சைஸ் பிஸ்டன் வரும். போன தடவை 0.25 என்றால் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 0.50 என்றால் சிலிண்டரின் உட்குழலை (லைனர்) மாற்ற வேண்டும், செலவு வேறு கணக்கு. பழைய பிஸ்டன் தலையிலேயே அளவு பொறித்திருக்கும், பாருங்கள்.

போர் அடிப்பது என்று முடிவானால், பிஸ்டனை முதலில் வாங்கி லேத் பட்டறையில் கொடுங்கள். அந்த பிஸ்டனை அளந்து அதற்குத் தக்கபடி அடிக்க வேண்டும், "0.50 அடித்துவிட்டேன், பிஸ்டன் வாங்கிக்கோ" என்பது தலைகீழ் வேலை. அடித்த பிறகு சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளைகளின் விளிம்பைக் கொஞ்சம் மழுக்க வேண்டும். பைக் சிலிண்டர் அடித்துப் பழகிய சில பட்டறைகளில் இதை மறந்துவிடுகிறார்கள். கூரான விளிம்பில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மாட்டி உடைந்தால், போட்ட பணம் ஒரே நாளில் போகும்.

தம்பியின் யோசனை பலரும் நம்புவதுதான், ஆனால் தப்பு. ஆயில் கூடக்கூட அந்த இடத்தில் எரிபொருள் குறைகிறது, கலவை மெலிகிறது. கரி கட்டும், ப்ளக் நனையும், ரிங் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் கையேட்டில் உள்ள அளவே போதும். அளவைவிட முக்கியம் எந்த ஆயில் என்பது. கடையில் கிடைக்கும் பைக் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்கு, அதாவது உங்களுடையதுபோல் வள்ளத்துக்கு வெளியே மாட்டும் இன்ஜினுக்கு, டிசி-டபிள்யூ3 தரம் போட்ட ஆயில் வேண்டும். அது சாம்பல் கட்டாது. லிட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான். தம்பிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: கரைக்கு வரும்போது மண்ணெண்ணெயிலேயே நிறுத்தாமல், கடைசிக் கொஞ்ச நேரம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்த வேண்டும். உள்ளே தங்கும் மண்ணெண்ணெய் பேரிங் மேலிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், மறுநாள் கிளப்புவதும் சிரமம்.

மாமா சொல்லும் ஃபோர் ஸ்ட்ரோக் நல்ல இன்ஜின்தான். எரிபொருள் குறைவாகக் குடிக்கும், சத்தம் கம்மி. ஆனால் அது பெட்ரோலில் ஓடும். மானிய மண்ணெண்ணெயை நம்பித் தொழில் நடத்தும் வீட்டுக்கு அந்தக் கணக்கு இடிக்கும். எடையும் கூட. உங்கள் டூ ஸ்ட்ரோக் 36, 38 கிலோ இருக்கும். அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் சில மாடல்களில் 45 கிலோவுக்கு மேல். ஜெட்டி இல்லாத கரையில், தினமும் கழற்றித் தோளில் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோகும் 58 வயதுக்காரருக்கு அந்தக் கூடுதல் எடை விளையாட்டு இல்லை. குறித்த காலத்தில் ஆயில் மாற்றும் பழக்கமும் வேண்டும்.

பில் இல்லாத 15 குதிரைத்திறன் இன்ஜினைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இல்லை என்று காட்ட உங்களிடம் தாள் இருக்காது. மண்ணெண்ணெய் மானியத்துக்கும் பதிவுக்கும் இன்ஜின் எண்ணும் பில்லும் கேட்பார்கள். 9.9க்குக் கட்டிய, இன்ஜின் மாட்டும் பின்பலகை 15ஐத் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

பணக் கணக்கு

46,000 என்பது இன்ஜினின் மேல் பாதிக்கு மட்டும். கீழ் பாதியையும் இப்போதே பாருங்கள். கியர் பாக்ஸின் அடிப்பக்கத் திருகைக் கழற்றி ஆயிலைக் கண்ணாடி டம்ளரில் பிடிக்கச் சொல்லுங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். இரும்புத் துகள் மினுக்கினால் பல் தேய்ந்திருக்கிறது. ஓடும்போது கியர் தானாகத் துள்ளி வெளியே வருமா என்று அப்பாவைக் கேளுங்கள். தண்ணீர் இறைக்கும் இம்பெல்லர் கடைசியாக எப்போது மாற்றியது? யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால் மாற்றியே ஆக வேண்டும். இவற்றுக்கு 12,000 என்று வைத்தால் மொத்தம் 58,000.

மறுபக்கம், புது இன்ஜின் 1,70,000 என்பது முழு விலை. நாட்டுப்படகுக்கு வெளிப்பொருத்தும் இயந்திரம் வாங்க மீன்வளத் துறை வழியாக 40 சதவீத மானியம் இருந்து வருகிறது. அலகுத் தொகை (ஓர் இன்ஜினுக்கு அரசு கணக்கில் எடுக்கும் விலை) 1,20,000 என்று வைத்து, அதில் 40 சதவீதமான 48,000 ரூபாய் வரை தந்திருக்கிறார்கள். இந்த வருடம் ஒதுக்கீடு இருக்கிறதா, உங்கள் வள்ளத்தின் பதிவும் அப்பாவின் அடையாள அட்டையும் நடப்பில் இருக்கிறதா என்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதி வருவதற்கு முன் கடையில் வாங்கிவிட்டு மானியம் கேட்டுப் போகாதீர்கள். கிடைத்தால் உங்கள் கைச்செலவு 1,22,000.

பழைய இன்ஜினுக்குப் போடும் செலவு, புதிதுக்கு உங்கள் கையிலிருந்து போகும் தொகையில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு. பாதி என்பது 61,000. நீங்கள் 58,000இல் நிற்கிறீர்கள், விளிம்பில். கிராங்க் நன்றாக இருந்து, சீல்தான் காரணம் என்று தெரிந்தால், தயங்காமல் செய்யுங்கள். ஒழுங்காகச் செய்த வேலை அப்பாவுக்கு இன்னும் சில வருடம் தாராளமாக வரும். பேரிங்கிலோ கிராங்கிலோ துரு தெரிந்தால், கிராங்க் செட் விலையும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். அப்போது நிறுத்திவிடுங்கள். "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்று மேலே மேலே போடுவதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்க்கும் நஷ்டம்.

செய்வதானால் பிஸ்டன், ரிங், சீல், பேரிங், கேஸ்கெட் ஐந்தும் கம்பெனிச் சாமானாக இருக்கட்டும். எரிபொருள் குழாய், கிளாம்ப், மூடி இவற்றில் மலிவு பார்த்துக்கொள்ளலாம். பூட்டிய பிறகு கிராங்க் கேஸில் காற்றடைத்துக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். முதல் பத்து மணி நேரம் கையேட்டில் சொன்னபடி ஆயில் கூட்டி (தம்பிக்கு இங்கே மட்டும் அனுமதி), பெட்ரோலில், முழு வேகம் பிடிக்காமல், கரைக்கு அருகிலேயே ஓட்ட வேண்டும். அந்த நாட்களில் துணைக்கு இன்னொரு வள்ளம் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கட்டும். துடுப்பும் உயிர்காப்பு உடுப்பும் வள்ளத்திலேயே கிடக்கட்டும். கச்சான் காற்று (மேல்காற்று) பலமாக இருக்கும் வாரத்தில் இந்த ஓட்டம் வேண்டாம்.

அந்த 6,000 ரூபாய்

இதில் உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான பதில். திறந்து பார்த்த உழைப்புக்கு மெக்கானிக் கூலி கேட்பது நியாயம். ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவும், தன் உழைப்பைப் போட்ட பொருளை அதற்கான கூலி வரும்வரை வைத்துக்கொள்ள அவருக்கு இடம் தருகிறது. ஆனால் செய்த வேலைக்கு மட்டும்தான். செய்யாத வேலைக்கு, வேலை கைமாறிப் போவதற்கு அபராதமாக வைத்துக்கொள்ள முடியாது. இளக்கியது, கம்ப்ரஷன் பார்த்தது, தலையைத் திறந்தது என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கிராங்க் கேஸ் பிரிப்பதையும் சேர்த்து 6,000க்குள் முடித்துக்கொள்ளக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். அப்படிக் கிடைத்தால் நல்ல பேரம்.

எது செய்தாலும் எழுத்தில் வாங்குங்கள்: என்ன வேலை, எந்தச் சாமான், என்ன விலை, எத்தனை மாதம் பொறுப்பு. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். மாற்றியதற்கு அதுவே சாட்சி. வேலை மோசமாகி, பேசியும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. "இது தொழிலுக்கான இன்ஜின், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சுயதொழிலால் பிழைப்பவர் பிழைப்புக்காகவே வாங்கியதை வணிக நோக்கமாகக் கொள்ளக்கூடாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பில்லும் எஸ்டிமேட்டும் இல்லாமல் போனால் எந்தச் சட்டமும் உதவாது.

கிராங்க் போயிருந்து, புதிது வாங்குவது என்று முடிவானால், பழையதை இரும்புக் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். அதே மாடல் வைத்திருப்பவர்கள் உங்கள் கரையிலேயே இருப்பார்கள். கியர் பாக்ஸ், கார்பரேட்டர், ஃபிளைவீல், காயில், மேல் மூடி, கிளாம்ப் பிராக்கெட் எல்லாம் தனித்தனியாக விலை போகும். எண் தகடு ஒட்டியிருப்பது பிராக்கெட்டில் என்றால், அதை விற்பதற்கு முன் மீன்வளத் துறையில் பழைய எண்ணை நீக்கிவிட்டோம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிரித்த கிராங்கின் படத்தை எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். கீழ் பேரிங்கும் சீல் உட்காரும் இடமும் தெளிவாகத் தெரியும்படி, வெயிலில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.